பிழை என்று சொல்லும் உரிமை

உலகிலேயே முதன்முதலாக ஓர் அலுவலக வேலையைக் கணினியிடம் ஒப்படைத்து வாராவாரம் ஓட்டியவர்கள், லண்டனில் டீக்கடை நடத்தியவர்கள். ஜே. லயன்ஸ் என்பது அந்த நிறுவனத்தின் பெயர். 1894இல் பிக்காடிலியில் முதல் கடையைத் திறந்து, பிறகு ஊரெங்கும் கிளை பரப்பி, தேநீர், ரொட்டி, கேக், ஐஸ்கிரீம் என்று விற்றுத் தள்ளினார்கள். ஒவ்வொரு விற்பனையும் சில காசுகள்தான். லாபம் அதில் ஒரு துளி. ஒரு பன் விற்றதைக் கணக்கில் ஏற்றும் செலவு, அந்தப் பன்னில் கிடைத்த லாபத்தையே தின்றுவிடக் கூடாது. இந்தக் கவலையால் 1930களிலேயே, அலுவலக வேலையை எப்படிச் சுருக்குவது என்று ஆராய்வதற்கென்று லயன்ஸ் ஒரு தனிப் பிரிவு வைத்திருந்தது. அந்தப் பிரிவின் ஆட்கள் ஒவ்வொரு துறைக்கும் போய், எந்தக் காகிதம் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்கு எதற்காகப் போகிறது என்று பின்தொடர்ந்து பார்ப்பார்கள்.

1947இல் லயன்ஸின் இரண்டு அதிகாரிகள் புதிய அலுவலக முறைகளைப் பார்த்துவர அமெரிக்கா போனார்கள். பிரின்ஸ்டனில் அவர்களைச் சந்தித்த ஹெர்மன் கோல்ட்ஸ்டைன், உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் ஒரு கணினி கட்டிக்கொண்டிருக்கிறாரே என்று வழிகாட்டினார். லயன்ஸ் கேம்பிரிட்ஜுக்கு 3,000 பவுண்டு கொடுத்து உதவியது. கைமாறாக அந்த எட்சாக் கணினியின் வடிவமைப்பைக் கற்றுக்கொண்டது. எட்சாக் 1949 மே மாதம் ஓடத் தொடங்கியதும், அதை அடியொற்றித் தன் சொந்தக் கணினியைக் கட்டியது. லியோ என்று பெயர். சுமார் 6,000 வால்வுகள். பாதரசம் நிரப்பிய குழாய்களில் ஒலி அலைகளாகச் சுற்றிவரும் 2,048 சொற்கள் அளவுள்ள நினைவகம். 1951 நவம்பர் இறுதியில் அது பேக்கரிகளின் உற்பத்தி மதிப்பைக் கணக்கிடும் வேலையை ஏற்றது. பின்னர் சம்பளப் பட்டியலும் அதனிடம் வந்தது. தேர்ந்த கிளார்க் ஒருவருக்கு எட்டு நிமிடம் பிடித்த ஓர் ஊழியரின் சம்பளக் கணக்கை லியோ ஒன்றரை விநாடியில் முடித்தது.

வேகத்தை எல்லா வரலாற்றுப் புத்தகங்களும் சொல்லும். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, அந்த நிரல்களை யார் எழுதினார்கள் என்பது. மின்னணுப் பொறியாளர் ஜான் பிங்கர்ட்டனை வெளியிலிருந்து வேலைக்கு எடுத்தார்கள். இயந்திரத்தைக் கட்டும் பொறுப்பு அவருடையது. அது செய்யவேண்டிய வேலையைத் திட்டமிட்டவர் டேவிட் காமினர். லயன்ஸிலேயே பயிற்சியாளராகச் சேர்ந்து, அலுவலக முறைகளை ஆராயும் பிரிவுக்குத் தலைமையேற்றவர். நிரலாளர்களையும் பெரும்பாலும் நிறுவனத்துக்குள்ளிருந்தே தேர்வு வைத்து எடுத்தார்கள். வணிக நிரல் எழுதிய முதல் பெண் என்று இன்று அறியப்படும் மேரி கூம்ப்ஸ், லயன்ஸ் அலுவலகத்தில் எழுத்து வேலைக்கு வந்து 1952இல் அந்தத் தேர்வில் வென்றவர். ஆக, பேரேட்டில் கை வைத்துப் பழகியவர்களே நிரலிலும் கை வைத்தார்கள். பயனர், உருவாக்குநர் என்ற பிரிவினை அந்தக் கட்டடத்தில் இன்னும் பிறக்கவில்லை.

அதன் பலன் 1954இல் தொடங்கிய டீக்கடை ஆர்டர் வேலையில் நன்றாகத் தெரிகிறது. ஒவ்வொரு கடையின் மேலாளரும், பெரும்பாலும் பெண்கள், மறுநாளைக்கு எத்தனை ரொட்டி, எத்தனை கேக், எத்தனை சாப்பாடு வேண்டும் என்று நீண்ட பட்டியல் எழுதி அனுப்பவேண்டியிருந்தது. ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: செவ்வாய்க்கிழமை ஆர்டர் பெரும்பாலும் போன செவ்வாய்க்கிழமை ஆர்டர் போலவேதான் இருக்கிறது. எனவே வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிலையான ஆர்டரை இயந்திரத்தில் வைத்துவிட்டார்கள். மேலாளர் பிற்பகலில் தொலைபேசியில் மாற்றங்களை மட்டும் சொன்னால் போதும். தலைமையகமான கேட்பி ஹாலில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த பெண்கள், கேட்கக் கேட்கவே அட்டைகளில் துளையிட்டார்கள். இடையில் காகிதம் கிடையாது.

என்ன செய்தார்கள் பாருங்கள். மாறாததை இயந்திரம் ஞாபகம் வைத்துக்கொண்டது. மாறுவதை, அதாவது நாளைக்கு இந்தத் தெருவில் கூட்டம் சேருமா, வெயில் அடித்தால் ஐஸ்கிரீம் அதிகம் போகுமா என்பதை, கடையில் நிற்கும் பெண்ணின் தீர்ப்புக்கே விட்டார்கள். அவருடைய எழுத்து வேலை குறைந்தது, அதிகாரம் குறையவில்லை. வணிகத் தகவல் முறைமை எப்படி இருக்கவேண்டும் என்று என்னைக் கேட்டால், எழுபது ஆண்டுக்கு முந்தைய இந்த ஏற்பாட்டைத்தான் முதலில் காட்டுவேன்.

பிறகு காலம் மாறியது. கணினிகளை விற்க நிறுவனங்கள் வந்தன. மென்பொருளை மட்டும் எழுதிக்கொடுக்கத் தனி நிறுவனங்கள் வந்தன. வேலை தெரிந்தவர் ஒரு கட்டடத்திலும் நிரல் தெரிந்தவர் வேறொரு கட்டடத்திலும், சில நேரம் வேறொரு கண்டத்திலும் உட்கார்ந்தார்கள். இடையே தூது போக முறைமைப் பகுப்பாய்வாளர் என்றொரு பதவி உருவானது. அவர் பயனர்களைப் பேட்டி கண்டு, தேவைகளை ஆவணமாக எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, நிரலாளர்களிடம் சேர்ப்பார். காகிதத்தில் இது ஒழுங்கான ஏற்பாடு. நடைமுறையில் இதன் அடியில் ஒரு பெரிய ஓட்டை உண்டு.

கிடங்கு எழுத்தர் ஒருவரிடம், சரக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவேன் என்பார். பொய் இல்லை. ஆனால் மாலை ஆறரை மணிக்கு பில் இல்லாமல் லாரி வந்து நிற்கும் நாட்களும் உண்டு. ஓட்டுநர் பழக்கமானவர், மறுநாள் விடியற்காலையில் அந்தச் சரக்கு உற்பத்திக்கு வேண்டும். இறக்கச் சொல்லிவிட்டு ஒரு துண்டுச் சீட்டில் குறித்துவைப்பார். காலையில் பில் வந்ததும் சரிசெய்வார். பேட்டியில் இதைச் சொல்லமாட்டார். மறைக்கவேண்டும் என்பதால் அல்ல. இதை ஒரு விதியாக அவர் நினைத்ததே இல்லை. நிரலாளர், பில் எண் இல்லாமல் நகரமுடியாத ஒரு திரையை எழுதுவார். எழுத்தர் அதில் 999999 என்று தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். ஆறு மாதம் கழித்துத் தரவுத்தளம் முழுக்க 999999கள் நிற்கும். பயனர்கள் ஒழுங்காகப் பதிவதில்லை என்று நிரலாளர்கள் குறைசொல்வார்கள், மென்பொருள் உருப்படாதது என்று பயனர்கள் சொல்வார்கள். இருவரும் தத்தம் அளவில் நேர்மையாகத்தான் நடந்துகொண்டார்கள்.

வேலையைச் செய்பவருக்கு, தான் அறிந்ததில் பாதி அறிவாகவே தெரிவதில்லை. ஆகவே அதைப் பேட்டியில் வாங்கமுடியாது; கூடவே இருந்து பார்க்கவேண்டும். மான்செஸ்டர் வணிகப் பள்ளியில் பேராசிரியராக இருந்த ஈனிட் மம்ஃபோர்ட் இதை ஆழமாகப் புரிந்துகொண்டவர். லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர்களை ஆராயவேண்டி வந்தபோது அவர் அங்கே உணவகப் பணியாளராக வேலைக்குச் சேர்ந்தார். கணினிமயமாக்கலை ஆராயத் தொடங்கிய பிறகு, புதிய முறைமையை அதைப் பயன்படுத்தப்போகும் கிளார்க்குகளே குழுவாக உட்கார்ந்து வடிவமைக்கும் ஒரு முறையை வகுத்தார். நிபுணர் அந்தக் குழுவுக்கு உதவி செய்பவர், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிராக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் 1992ஆம் ஆண்டு அனுபவம் சாட்சி. அதுவரை அங்கே எல்லாம் காகிதத்தில் நடந்தது. அவசர அழைப்பை ஏற்பவர் படிவத்தில் எழுதுவார். ஒரு கன்வேயர் பெல்ட் அதைச் சுமந்து போகும். இன்னொருவர் பிரித்து, அந்தந்தப் பகுதிக்குரிய ஒதுக்கீட்டாளரிடம் கொடுப்பார். எந்த வண்டியை அனுப்புவது என்று அவர் முடிவு செய்வார். மெதுவான முறைதான், மாற்றவேண்டிய முறைதான். ஆனால் எந்தக் குழுவின் பணிநேரம் முடியப்போகிறது, எந்த வண்டி சொல்லாமலேயே இடம் மாறி நிற்கும் என்பதெல்லாம் அந்த ஒதுக்கீட்டாளரின் தலையில் இருந்தது. புதிய திட்டப்படி கணினியே அருகிலுள்ள வண்டியைத் தேர்ந்தெடுத்துவிடும். திட்டத்தை வகுத்தபோது கட்டுப்பாட்டு அறை ஊழியர்களுக்கும் வண்டி ஓட்டும் குழுக்களுக்கும் அதில் பெரிய பங்கு தரப்படவில்லை.

1992 அக்டோபர் 26, திங்கட்கிழமை, லண்டன் முழுவதும் ஒரே நாளில் புதிய முறைக்கு மாறியது. அறையின் அமைப்பையும் மாற்றி, சேர்ந்து உட்கார்ந்து பழகியவர்களைப் பிரித்திருந்தார்கள். வண்டியில் உள்ளவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும்: புறப்பட்டோம், சேர்ந்தோம், மருத்துவமனையில் இருக்கிறோம். உயிருக்குப் போராடும் ஒருவரைக் கையில் வைத்திருப்பவர் பொத்தான் வரிசையை மறப்பார். சில இடங்களில் ரேடியோ எட்டாது. கணினிக்கு வண்டிகளைப் பற்றிய தகவல் கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பாகிக்கொண்டே வந்தது. ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகள் போயின. சில இடங்களுக்கு எதுவும் போகவில்லை. ஒவ்வொரு முரண்பாட்டுக்கும் திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கைகள் குவிந்து, பழையவை திரையின் மேலே போய் மறைந்தன. வண்டி வராததால் மக்கள் மறுபடி அழைத்தார்கள்; அந்த அழைப்புகள் குழப்பத்தைப் பெருக்கின. மறுநாள் பிற்பகலில் பாதி கைமுறைக்குத் திரும்பினார்கள்.

நவம்பர் 4 அதிகாலையில் கணினி முற்றிலும் உறைந்து நின்றது. சில வாரங்களுக்கு முன் நிரலில் செய்த ஒரு திருத்தத்தில், ஒவ்வொரு வண்டி அனுப்பப்படும்போதும் நினைவகத்தில் சிறு இடத்தைப் பிடித்துக்கொண்டு திருப்பித்தராத ஒரு பிழை ஒட்டிக்கொண்டிருந்தது. இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோனது. நிரலாளரின் தவறு என்று இதை மட்டும்தான் சொல்லமுடியும். அக்டோபர் குழப்பத்தைப் பற்றி 1993 பிப்ரவரியில் வந்த விசாரணை அறிக்கை சொன்னது வேறு: அந்த இரு நாட்களிலும் தொழில்நுட்ப அர்த்தத்தில் கணினி செயலிழக்கவில்லை. அது தான் வடிவமைக்கப்பட்டபடியேதான் நடந்துகொண்டது. வடிவமைப்பு, பிழையற்ற தகவலை நம்பி நின்றது. பிழையற்ற தகவலைத் தரக்கூடிய நிலையில் அந்த வேலை ஒருபோதும் இருந்ததில்லை. அதை எந்த ஒதுக்கீட்டாளரும் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

அதே சேவை பிறகு அவசரப்படாமல், ஊழியர்களையும் சங்கங்களையும் உட்காரவைத்துப் பேசி, படிப்படியாக ஒரு புதிய முறைமையைக் கட்டி, 1996இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு அதற்கு பிரிட்டிஷ் கணினிச் சங்கத்தின் விருது கிடைத்தது. முதல் கதையைப் பாடப்புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. இரண்டாவது கதை பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

பயனரின் பங்கை வெறும் ஆலோசனையாக நிறுத்தாமல் உரிமையாக ஆக்கியவர்கள் நார்வேக்காரர்கள். கிறிஸ்டன் நியூகார்ட் உலகின் முதல் பொருள்நோக்கு நிரல்மொழியான சிமுலாவை ஓலே யோஹான் டாலுடன் சேர்ந்து உருவாக்கியவர்; 2001ஆம் ஆண்டின் டூரிங் விருது இருவருக்கும் கிடைத்தது. இவ்வளவு பெரிய நிரல் அறிஞர், 1970களின் தொடக்கத்தில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். தொழிற்சாலைகளுக்குள் வரும் கணினித் திட்டங்களைத் தொழிலாளர்கள் தாங்களே படித்து, புரிந்துகொண்டு, எதிர்க்கேள்வி கேட்கப் பயிற்சி பெறவேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் நோக்கம். அதன் தொடர்ச்சியாக 1975இல் நாடு தழுவிய ஒப்பந்தம் ஒன்று வந்தது. புதிய கணினி முறைமை வரும் முன் தொழிலாளர்களுக்கு அதைப் புரியும் மொழியில் விளக்கவேண்டும். கணினி விவகாரங்களைக் கவனிக்கவென்றே அவர்கள் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்த பத்தாண்டில் சுவீடனும் டென்மார்க்கும் இதை இன்னொரு படி எடுத்துச் சென்றன. அச்சுத் தொழிலாளர் சங்கமும் ஆய்வாளர்களும் சேர்ந்து 1981இல் தொடங்கிய உட்டோப்பியா திட்டத்தில், செய்தித்தாள் பக்கங்களைக் கணினியில் அமைப்பதற்கான கருவிகளை வடிவமைத்தார்கள். கணினி வாங்கக் காத்திருக்கவில்லை. ஒட்டுப்பலகை, காகிதம், காலி அட்டைப்பெட்டி ஆகியவற்றால் திரையும் அச்சுப்பொறியும் போல மாதிரிகள் செய்து வைத்து, பக்க வடிவமைப்பாளர்களை அதில் வேலை செய்துபார்க்கச் சொன்னார்கள். அட்டைப்பெட்டியை யாரும் தயங்காமல் தள்ளிவைப்பார்கள், வெட்டுவார்கள், இது எனக்குக் கை எட்டவில்லை என்பார்கள். பல லட்சம் செலவழித்து ஓடும் திரையின் முன் உட்காரவைத்தால் அதே ஆள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். இன்று பயனர் அனுபவ வடிவமைப்பு என்ற பெயரில் காகித மாதிரிகளை வைத்து வேலை செய்யும் இளைஞர்களில் பலருக்கு, அது ஒரு தொழிற்சங்க மேசையில் வளர்ந்த பழக்கம் என்பது தெரிந்திருக்காது.

இந்த இடத்தில் ஒருவரைப் பிரித்துக் காட்டவேண்டும். பயனர், நிரலாளர் என்று இருவரைப் பற்றியே பேசினால் கதையில் மூன்றாவது ஆள் ஒளிந்துகொள்வார். அவர்தான் வாங்குபவர். மென்பொருளுக்குப் பணம் கொடுப்பவர் அதன் முன் உட்காருவதில்லை; உட்காருபவர் பணம் கொடுப்பதில்லை. தேவை ஆவணத்தில் கையெழுத்துப் போடுவது வாங்குபவர். நிரலாளர் அவருக்கே கட்டுப்பட்டவர். இருவரும் சேர்ந்து பயனரைக் குற்றவாளி ஆக்கினால் என்ன நடக்கும் என்பதை பிரிட்டன் மிகக் கொடூரமாகக் கற்றுக்கொண்டது.

பிரிட்டனின் ஊர் அஞ்சலகங்களில் பெரும்பாலானவற்றைச் சப் போஸ்ட்மாஸ்டர்கள் நடத்துகிறார்கள். அவர்கள் அஞ்சல் நிறுவனத்தின் ஊழியர்கள் அல்ல, ஒப்பந்தக்காரர்கள். கையிருப்பில் குறை வந்தால் சொந்தப் பணத்திலிருந்து கட்டவேண்டியிருந்தது. 1999 முதல் அவர்களுடைய கவுன்டர்களுக்கு ஹரைசன் என்ற கணினி முறைமை வந்தது. ஐசிஎல் என்ற நிறுவனம் கட்டியது. பின்னர் அது ஃபுஜிட்சுவாயிற்று. முதலில் அரசு உதவித்தொகைகளை அட்டை மூலம் வழங்குவதற்காகத் தொடங்கிய திட்டம் அது. உதவித்தொகை வழங்கும் அரசுத் துறை 1999இல் விலகிக்கொள்ள, மிஞ்சியதை அஞ்சலகக் கணக்குக்கு ஏற்றபடி திருப்பிக்கொண்டார்கள்.

விரைவிலேயே பல ஊர்களில் கணக்கு ஒத்துப்போகவில்லை. வேல்ஸின் லாண்டட்னோ அருகே அஞ்சலகம் நடத்திய ஆலன் பேட்ஸ் ஆரம்பத்திலேயே 6,000 பவுண்டு அளவுக்குக் குறையைக் கண்டார். உட்கார்ந்து தோண்டி, அதில் பெரும்பகுதி இரட்டிப்பாகப் பதிவான பரிமாற்றங்கள் என்று தானே கண்டுபிடித்தார். மீதியைக் கட்ட மறுத்தார். காரணம் காட்டுங்கள், தரவைக் காட்டுங்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தார். 2003இல் அவருடைய ஒப்பந்தத்தை முறித்தார்கள். உதவி எண்ணை அழைத்த மற்றவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை, உங்களுக்கு மட்டும்தான் என்பது.

அது பொய். ஸ்காட்லாந்தின் ஃபால்கிர்க்கில் காலண்டர் ஸ்கொயர் என்ற கிளையின் பெயரால் அறியப்படும் பிழை, கவுன்டர்களுக்கு இடையே நடந்த பணமாற்றத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பதிவு செய்தது. அது பல ஆண்டுகள் நீடித்தது. பல கிளைகளைத் தாக்கியது. 2015இல் டால்மெலிங்டனில் இன்னொன்று: 8,000 பவுண்டைப் பதிவுசெய்யும்போது திரை உறைந்தது, பொத்தானை மறுபடி மறுபடி அழுத்த, ஒவ்வோர் அழுத்தலும் ஒரு புதிய 8,000 ஆகி, 24,000 பவுண்டு குறை வந்து நின்றது. திரை உறைந்தால் எல்லோரும் பொத்தானை மறுபடி அழுத்துவார்கள். நீங்களும் நானும் அதைத்தான் செய்வோம். அது நடக்கும் என்று எண்ணி எழுதுவது நிரலாளரின் அடிப்படைக் கடமை.

என்னை மிகவும் உறுத்துவது இன்னொரு விவரம். மாதக்கணக்கை முடித்தால்தான் மறுநாள் கடையைத் திறக்கமுடியும். முன்பு, ஒத்துப்போகாத தொகையைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்க ஒரு கணக்குத் தலைப்பு இருந்தது. 2005 வாக்கில் அதை எடுத்துவிட்டார்கள். அதன்பின் திரையில் சப் போஸ்ட்மாஸ்டருக்கு இருந்த வழிகள், பணத்தை இப்போதே கட்டுவது, அல்லது பிறகு கட்டுவதாக ஏற்பது. நான் இந்த எண்ணை ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்ல ஒரு பொத்தான் இல்லை. மறுப்புத் தெரிவிக்கவேண்டுமென்றால் தொலைபேசியில் அழைக்கவேண்டும். தொலைபேசியின் மறுமுனை என்ன சொன்னது என்று பார்த்தோம். அந்த எண்ணை ஏற்றுக் கணக்கை முடித்தவர்கள்மீது, பொய்க்கணக்குக் காட்டியதாக வழக்குப் போட்டார்கள். ஒரு திரையில் ஒரு வழியை வைக்காமல் விட்டது, மனிதர்களைச் சிறைக்கு அனுப்பியது.

ஃபுஜிட்சுவின் பொறியாளர்கள் தங்கள் இடத்திலிருந்தே கிளைகளின் பதிவுகளில் மாற்றம் செய்யமுடிந்தது. அப்படி முடியவே முடியாது என்று அஞ்சல் நிறுவனம் ஆண்டுக்கணக்கில் மறுத்தது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். பலர் வீட்டை விற்றார்கள், திவாலானார்கள், ஊரில் திருடர் என்று பெயர் எடுத்தார்கள். இதனால் குறைந்தது 13 பேர் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்று 2025 ஜூலையில் பொது விசாரணையின் அறிக்கை சொன்னது. பேட்ஸும் 500க்கும் மேற்பட்டோரும் தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் நீதிபதி ஃப்ரேசர் தீர்ப்பளித்தார். ஹரைசனில் பிழையே இல்லை என்ற நிறுவனத்தின் வாதத்தை, இந்த நூற்றாண்டில் பூமி தட்டை என்று அடம்பிடிப்பதற்குச் சமம் என்றார். 2024இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றித் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தது.

நீதிமன்றங்கள் இத்தனை ஆண்டுகள் எப்படி ஏமாந்தன? இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி, குற்றவழக்கில் கணினிப் பதிவைச் சாட்சியமாகக் கொடுப்பவர் அந்தக் கணினி சரியாக இயங்கியது என்று காட்டவேண்டியிருந்தது. வீண் சுமை என்று 1999இல் அந்தப் பிரிவை நீக்கினார்கள். அதன்பின், மறுக்கப்படாதவரை கணினி சரியாகத்தான் வேலை செய்தது என்பது நீதிமன்றத்தின் அனுமானம். ஹரைசன் கவுன்டர்களில் ஏறத் தொடங்கிய அதே ஆண்டு. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியே இல்லாத பயனர், அது பிழை என்று நிரூபிக்கவேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார். இந்தியாவில் 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் இணைக்கச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் சான்றிதழில் கையெழுத்திடுபவர்களில் ஒருவர் பெரும்பாலும் அந்த இயந்திரத்தை வைத்திருக்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதை நம் வழக்கறிஞர்கள் மறக்கக் கூடாது.

பயனர் எப்போதும் சரி என்று நான் சொல்லவில்லை. பயனர்கள் ஒருவருக்கொருவர் முரணானதைக் கேட்பார்கள்; பழக்கத்தை விடமாட்டார்கள்; நேற்று வேண்டாம் என்றதை இன்று ஏன் இல்லை என்பார்கள். 1990களில் கிரைஸ்லர் நிறுவனத்தின் சம்பள மென்பொருளைக் கட்டிய கென்ட் பெக்கின் குழு, பயனர் தரப்பில் ஒருவர் நிரலாளர்களோடு ஒரே அறையில் எப்போதும் இருக்கவேண்டும் என்று விதித்தது. அருமையான யோசனை. ஆனால் ஒரு நிறுவனத்தின் எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே ஆள் பதில் சொல்வது தாங்கமுடியாத சுமை. அந்தத் திட்டமும் 2000இல் கைவிடப்பட்டது.

பயனர்கள் தாங்களே நிரலாளர்கள் ஆன கதையும் ஒன்று உண்டு. ஹார்வர்டில் வணிகம் படித்த டான் பிரிக்லின், பாப் ஃபிராங்க்ஸ்டனோடு சேர்ந்து 1979இல் விசிகால்க் என்ற விரிதாளை வெளியிட்டார். கணக்கர் யாரிடமும் போய் நிற்காமல் தனக்கு வேண்டிய கணக்கைத் தானே கட்டிக்கொண்டார். இன்று எக்செல் இல்லாத அலுவலகம் இல்லை. ஆனால் சோதனை, பிரதி காப்பு, எல்லை அறிதல் ஆகிய நிரலாளரின் ஒழுக்கங்கள் அந்தக் கருவியோடு சேர்ந்து வரவில்லை. 2020 செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்செல் கோப்பு வடிவில் சேர்த்தது. அந்த வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. வழிந்தவை சத்தமில்லாமல் விழுந்துபோயின. 15,841 நோயாளிகள் தினசரிக் கணக்கிலிருந்து விடுபட்டார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் தாமதப்பட்டது. நிரலாளரின் அறிவு இல்லாத பயனரும், வேலையின் அறிவு இல்லாத நிரலாளரைப் போலவே ஆபத்தானவர்தான்.

எனவே என் தீர்ப்பு இதுதான். பயனரைக் கலந்தாலோசித்தோம் என்று ஆவணத்தில் எழுதுவது போதாது. அவர் தப்பு என்று சொன்னால் அது பதிவாகவேண்டும், பதிவானது நிரல் எழுதியவரின் மேசைக்குப் போய்ச் சேரவேண்டும், தீரும்வரை அந்த எண்ணை அவர்மீது சுமத்தக் கூடாது. ஹரைசனின் பிழைகள் பலவும் ஃபுஜிட்சுவின் உள்பதிவேடுகளில் இருந்தன. அவற்றைப் பார்க்க உரிமை இருந்திருந்தால், பேட்ஸ் இருபது ஆண்டு போராடியிருக்கத் தேவையில்லை. வாங்கும் நிறுவனங்கள் இதை ஒப்பந்தத்தில் எழுதலாம். பணமும் அதிகம் ஆகாது. நிரலாளர்கள், தங்கள் திரையைப் பயன்படுத்துபவரின் பக்கத்தில் ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்க்காமல் எதையும் முடிந்தது என்று ஒப்படைக்கக் கூடாது. அந்த நேரத்தை மேலாளர் தரமறுத்தால் கேட்டு வாங்கவேண்டும்.

மேசையில் உட்காருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அலுவலகத்துக்கோ கடைக்கோ வங்கிக் கவுன்டருக்கோ புதிய மென்பொருள் வரும்போது, பயிற்சி வகுப்பிலேயே எழுந்து கேளுங்கள்: நான் ஒப்புக்கொள்ளாத எண்ணை இதில் எங்கே பதிவது, அதை யார் பார்ப்பார், எத்தனை நாளில் பதில் வரும்? பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.